நான் ஜப்பான் பிரபுவாகச் செத்த கதை

பரிசிலை எங்கட தமிழ்க் கடையள் நிறைஞ்சு கிடக்கிற லா சப்பல்லை இண்டைக்கும் என்னைக் கண்டவுடனை ரோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தாலை போற ஆக்கள் சிலபேர் இருக்கினம். போகட்டும். ரோட்டு அகலமாய்த்தான் கிடக்கு. நான் ஆரின்ர குடியையும் கெடுக்கேல்லை. பொம்பிளையாய்ப் பிறந்தும் ஒரு ஜப்பான்காரப் பிரபுவாய் வேசம் கட்டி, சாகவேண்டிய இடத்திலை செத்தன். அதுக்குத்தான் இவ்வளவு கோவம். கண்டறியாத கோவம்!

முதலிலையிருந்து சொல்லுறன்.

அப்ப நான் பரிசிலை ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையிலை வேலை. ஜப்பான் எண்டு பேர்தான். முதலாளி சீனாக்காரன், குசினிக்குள்ளை நிண்டு சுஷி உருட்டினது முழுக்க எங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள். புட்டு அவிச்ச கையாலை நான் கடற்பாசியிலை சோறு உருட்டினன். வாறவை ஆகா ஓகோ எண்டு சாப்பிட்டுட்டுப் போவினம். கடைச் சுவரிலை ஒரு பெரிய படம் தொங்கினது. மெல்லிசு மீசை, இறுக்கின வாய், கறுப்புக் கவசம், ஒரு முறைப்பு. சாப்பிட வாற ஆக்கள் "இவர் ஆர்?" எண்டு கேப்பினம். நான் "முதலாளியின்ர மாமா" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கை போயிடுவன்.

ஒருநாள் ஒரு பிரெஞ்சு மனிசி என்னைப் பிடிச்சிட்டா. "அவர் நானூறு வருசத்துக்கு முந்தின பெரிய யுத்தப் பிரபு. உங்கட நாட்டுச் சரித்திரம் உங்களுக்கே தெரியாதா?" எண்டு கேட்டா. என்ர நாடு ஜப்பானாம்! என்ர மூஞ்சையைப் பாத்துமா? எனக்கு வந்த கோவத்திலை அவவின்ர சோயா சோஸைக் குடுக்க மறந்திட்டன். ஆனா ஒரு ரோசம் வந்திட்டுது. சரி, ஆர் இவன், ஒருகை பாக்கிறன் எண்டு அடுத்த லீவு நாள் பொண்டி எண்ட ஊரிலை எங்கட வீட்டுக்குக் கிட்ட இருந்த நூல்நிலையத்துக்குப் போனன். முதல் எடுத்தது சின்னப் பிள்ளையளுக்கான படப்புத்தகம். என்ர பிரெஞ்சுக்கு அதுதான் அளவு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்ப் பெரிய புத்தகங்களுக்குப் போனன். காலமையும் பின்னேரமும் ரெயினிலை அதுதான் வாசிப்பு.

அவரின்ர பேரை நான் இஞ்சை எழுதேல்லை. எங்கட ஆக்களின்ர வாயிலை அது ஒருநாளும் ஒழுங்கா நுழையேல்லை. நாங்கள் கடைசிவரைக்கும் "பிரபு" எண்டுதான் சொன்னது.

சின்ன ஒரு பிரபுவின்ர மோன். பெடியனாய் இருக்கேக்கை ஊரெல்லாம் அவனை விசரன் எண்டுதான் சொன்னது. அரைகுறை உடுப்போடை, ரோட்டிலை பழம் கடிச்சுக்கொண்டு, கண்ட கண்ட பெடியளின்ர தோளிலை கையைப் போட்டுக்கொண்டு திரிவானாம். தேப்பன் செத்த வீட்டுக்குக் குளிக்காமல் கொள்ளாமல் வந்து, சாம்பிராணித் தூளை அள்ளிப் பீடத்திலை எறிஞ்சுபோட்டுத் திரும்பிப் பாராமல் போயிட்டான். தம்பிக்காரன் வடிவா உடுத்து, வடிவா அழுதவனாம். ஊர் தம்பியைத்தான் மெச்சினது. எனக்கு அந்த இடத்திலையே ஆளைப் பிடிச்சுப்போச்சுது. துக்கம் எல்லாருக்கும் கண்ணாலை வராது.

பிறகு அவன் ஆள் வளர்ந்த வளர்த்தி! தன்னைப்போலை பத்து மடங்கு படையோடை வந்த ஒருத்தனை, கொட்டுற மழைக்குள்ளை, வந்தவன் குடிவெறியிலையும் வெற்றிக் களிப்பிலையும் இருக்கேக்கை பாய்ஞ்சு அடிச்சான். மற்றவை வாளைக் கும்பிட்டுக்கொண்டு இருக்க, இவன் துவக்கு வாங்கிக் குவிச்சான். நாட்டிலை கிட்டத்தட்டப் பாதி அவன்ர கைக்கு வந்திட்டுது. நல்லவனோ எண்டு கேட்டா, இல்லை. ஒரு மலை முழுக்க இருந்த மடங்களைச் சுத்தி வளைச்சு நெருப்பு வைச்சவன். பிக்குமார் மட்டுமில்லை, பொம்பிளையள், குழந்தையள் எல்லாம் அதுக்குள்ளை. அந்தப் பக்கத்தை வாசிச்ச அண்டைக்கு நான் புத்தகத்தை மூடி வைச்சிட்டன். ஒரு கிழமை திறக்கேல்லை.

கடைசியிலை அவனை விழுத்தினது எதிரி இல்லை. சொந்தத் தளபதி. படையெல்லாத்தையும் வேறை வேறை பக்கம் அனுப்பிப்போட்டுக் கொஞ்ச ஆக்களோடை ஒரு கோயிலிலை தங்கியிருந்த நேரம், விடியப்புறம், தளபதி வந்து சுத்தி வளைச்சிட்டான். வெளியிலை சத்தம் கேக்க, வேலைக்காரர் தங்களுக்கை சண்டை பிடிக்கினம் எண்டு பிரபு நினைச்சவராம். பிறகு வில்லோடை நிண்டார், வில்லின்ர நாண் அறுந்தாப் பிறகு ஈட்டியோடை நிண்டார், காயப்பட்டார். கோயிலுக்கு நெருப்பு வைச்சாச்சு. உள் அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டுத் தன்னைத்தானே முடிச்சுக்கொண்டார். தளபதியின்ர ஆக்கள் சாம்பலைக் கிண்டிக் கிண்டித் தேடிச்சினம். உடம்பு கிடைக்கேல்லை.

அந்தக் கடைசி வசனத்தை நான் எத்தினை தரம் வாசிச்சிருப்பன் எண்டு தெரியாது. ஏனெண்டா எங்கட வீட்டிலையும் ஒரு உடம்பு கிடைக்கேல்லை.

என்ர தம்பி பிரபுவும் இல்லை, தளபதியும் இல்லை. மோட்டார் சைக்கிள் திருத்துறவன். வன்னியிலை ஒரு சின்னக் கடை வைச்சிருந்தவன். 2009 வைகாசியிலை, சண்டையின்ர கடைசி நாளுகளிலை, பெண்சாதியைக் களப்புத் தண்ணிக்குள்ளாலை ஆமியின்ர பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுட்டு, "கொஞ்சம் பொறும், வாறன்" எண்டு சொல்லிப்போட்டுக் காயப்பட்டுக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வரத் திரும்பிப் போனவன். வரேல்லை. பிறகு ஆரோ ஒருத்தர், தம்பியைப் போலை ஒரு பெடியனை ஆமிக்காரர் ஏத்தின பஸ்ஸிலை கண்டது எண்டு சொல்லிப்போட்டார். அந்த பஸ் எங்கை போனது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அந்த ஒரு சொல்லு போதும். அம்மா ஊரிலையிருந்து ரெலிபோனிலை எல்லாருக்கும் கட்டளை போட்டிட்டா. "ஒருத்தரும் அழக்கூடாது. சவத்தைக் காணாமல் அழுதா, உயிரோடை இருக்கிற பிள்ளையின்ர ஆயுளைக் குறைச்ச பழி வரும்."

எங்கட சனத்துக்கு இது தெரிஞ்ச விசயம். உயிரோடை இருக்கிறவைக்கு ஒப்பாரி வைக்கப்படாது. ஆகவே நாங்கள் அழேல்லை. ஒரு வருசம் இல்லை, ரெண்டு வருசம் இல்லை. அழாமலே இருந்தம். எங்களைப் போலை லா சப்பல்லை எத்தினை வீடு! கடையிலை முருங்கைக்காய் தெரிஞ்செடுக்கேக்கை பக்கத்திலை நிக்கிற பொம்பிளையின்ர முகத்தைப் பாத்தாலே தெரியும், இவவும் அழாத ஆள் எண்டு.

தம்பியின்ர பெண்சாதி எப்பிடியோ அலைஞ்சு உலைஞ்சு பிரான்சுக்கு வந்து சேந்தா. ஆர்ஜொந்தெயிலை தன்ர தமையன் வீட்டிலை இருந்துகொண்டு, விடிய எழும்பிக் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனா. நாங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் "மச்சாள்" எண்டுதான் கூப்பிடுறது. அவவுக்கு நடந்த கூத்தைச் சொல்லவேணும். பொட்டு வைச்சுக்கொண்டு கலியாண வீட்டுக்கு வந்தா, "மனிசன் எங்கையெண்டு தெரியாது, இவவுக்குப் பொட்டு ஒரு கேடு" எண்டு ஒரு பக்கம் குசுகுசு. ஒருநாள் வேலை அவசரத்திலை பொட்டு வைக்காமல் லா சப்பல் பக்கம் வந்திட்டா. "அடி பாவி, மனிசனை நீயே சாக்காட்டிப்போட்டியே" எண்டு தமையன் பெண்சாதி வீட்டிலை நிண்டு கத்தினவ. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை எண்டு சும்மாவே சொன்னவை? அந்த வாயளுக்கு மேலை ஏறி உக்காந்தாலும் மூடாது.

இந்த நேரத்திலைதான் எங்கட ஊர்ச் சங்கத்தின்ர ஆண்டு விழா வந்தது. வருசா வருசம் அதே நாடகம்தான் போடுவினம். வெளிநாட்டு மாப்பிளை, குடிகாரத் தேப்பன், கடைசியிலை எல்லாரும் திருந்திடுவினம். இந்தமுறை நான் ஒண்டு எழுதித் தாறன் எண்டு நானே வலியப்போய்ச் சொன்னன். சங்கத் தலைவர் நல்ல மனிசன்தான், பொய் சொல்லக்கூடாது. எங்களுக்குப் பப்பியே எண்டுற விசாக் கடுதாசி இல்லாமல் அலைஞ்ச காலத்திலை பிரெஞ்சிலை கடிதம் எழுதித் தந்தவர். ஆனா தன்னை விட ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது எண்ட நினைப்பு. முதல் "ஜப்பான்காரன் எங்களுக்கு எதுக்குத் தங்கச்சி?" எண்டார். நான் கதையைச் சொல்லத் தொடங்கினன். மழைச் சண்டைக்கு நிமிர்ந்து இருந்தார். மலையிலை மடங்களை எரிச்ச இடம் வர, பக்கத்திலை இருந்த நிர்வாகசபை ஆள் ஒருத்தர் "அட, அந்த இடத்துக்கு நல்லாக் கைதட்டு விழும்!" எண்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அண்ணை, அங்கை பொம்பிளையளும் பிள்ளையளும் இருந்தவை. ஒரு துண்டு நிலத்துக்குள்ளை ஒதுங்கின சனத்தைச் சுத்தி நெருப்பு வைக்கிறது என்னெண்டு உங்களுக்கு நான் சொல்லித்தரவேணுமே? அதுக்குக் கைதட்டினா நான் மேடையாலை இறங்கி வந்து தட்டுவன்" எண்டு சொன்னன்.

கடைசியிலை "உடம்பு கிடைக்கேல்லை" எண்ட இடத்துக்கு வந்தன். தலைவரின்ர முகம் மலர்ந்திட்டுது! "உடம்பு கிடைக்கேல்லையோ? அப்ப தப்பிட்டார்!" எண்டார். "இல்லை அண்ணை, எரிஞ்சுபோனார்." "கண்டது ஆர்?" "ஒருத்தரும் காணேல்லை. ஆனா செத்திட்டார்." "காணாட்டி என்னெண்டு செத்திட்டார் எண்டுவீர்? அதுதான் தங்கச்சி நாடகத்தின்ர உயிர். அங்கை முடியும். பிரபுவின்ர மனுசி விளக்கோடை வந்து, 'அவர் வருவார்' எண்டு சொல்லவேணும். திரை மூடவேணும். சனம் எழும்பி நிண்டு கைதட்டும்."

எங்கட ஆக்களுக்கு எந்த ராசாவின்ர கதையைச் சொன்னாலும் அதுக்குள்ளை சண்டையிலை போன தங்கட ஆளைத்தான் தேடுவினம். நானூறு வருசத்துக்கு முந்திச் சாம்பலாய்ப் போன ஜப்பான்காரனையும் விடுகினமில்லை. நான் சண்டை பிடிச்சுப் பாத்தன். "அப்பிடியெண்டா நாடகம் வேண்டாம்" எண்டு ஒரே சொல்லிலை சொல்லிப்போட்டார். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓம் எண்டன். மேடை முதலிலை கைக்கு வரட்டும் எண்டு நினைச்சன்.

அடுத்த வில்லங்கம் ஆள் பிடிக்கிறது. பிரபுவாய் நடிக்க ஒரு ஆம்பிளையும் வரேல்லை. பெரிய இடத்து வேசம், பிழைச்சா சனம் கேள்வி கேக்கும் எண்டு பயம். தளபதி வேசம் அதைவிட மோசம். துரோகி வேசம் கட்டினவனை லா சப்பல்லை சாகும்வரை "துரோகி" எண்டுதான் கூப்பிடுவினம், பிறகு பிள்ளையளுக்குக் கலியாணம் பேச ஏலாது எண்டு ஒருத்தர் உண்மையாவே சொன்னார். வீரம் கதைக்கிறதிலை எங்கட ஆம்பிளையளை அடிக்க ஆளில்லை! கடைசியிலை என்ர மனிசனைப் பிடிச்சு இழுத்துத் தளபதியாக்கினன். "கட்டின நாள் தொடக்கம் உனக்கு எதிராய் நிக்கவேணும் எண்டு ஆசைதான்" எண்டு பகிடி விட்டார். பிரபு வேசத்தை நானே கட்டினன். பிரபுவின்ர மனுசியாய் நடிக்க மச்சாளைக் கேட்டன். ஒரே ஒரு வசனம்தானே எண்டு அவ சம்மதிச்சா.

ஒத்திகை ஃபொபூர் சேன்-தெனியிலை ஒரு மளிகைக் கடைக்கு மேலை இருந்த அறையிலை. கீழை கருவாடு, மேலை ஜப்பான். சுஷி உருட்டுற சின்ன மூங்கில் பாயள் இருக்கெல்லோ, பழசாய்ப் போனதுகளை முதலாளியிட்டைக் கேட்டு எடுத்து, கறுப்புப் பெயின்ற் அடிச்சு, சப்பாத்துக் கயிறாலை கோத்துக் கவசம் செய்தன். வடிவெண்டா வடிவு! ஆனா வேர்த்தா மீன் மணக்கும். மச்சாளின்ர கூறைச் சீலையைக் கிமோனோ மாதிரிச் சுத்திவிட்டன். அவ விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டு "அவர் வருவார்" எண்டு சொல்லுவா. குரலிலை ஒரு உயிரும் இருக்காது. தலைவர் "இன்னும் உறுதியாய்ச் சொல்லுங்கோ தங்கச்சி, நம்பிச் சொல்லுங்கோ" எண்டு நிண்டு கத்துவார். அவ திரும்பத் திரும்பச் சொல்லுவா. அந்த மூண்டு நாலு கிழமையும் எத்தினை தரம் அவவைக் கொண்டு அதைச் சொல்லுவிச்சம் எண்டு நினைக்க இண்டைக்கும் எனக்கு நெஞ்செரியுது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிஞ்சு ரெண்டு பேரும் கார் து நோர் ஸ்ரேசன் பக்கம் நடந்தம். அவ திடீரெண்டு நிண்டா.

"மச்சாள், அந்த வசனத்தை வேறை ஆருக்கும் குடுங்கோ."

"ஏன், பாடமாக்கக் கஷ்டமே?"

"எனக்குத் தெரியும் மச்சாள், அவர் வரமாட்டார். அண்டைக்குப் பின்னாலை செல் விழுந்து வெடிச்ச சத்தம் கேட்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்கு வேறையொண்டும் வேண்டாம். ஒருக்கா வாய்விட்டு அழவேணும். அழுதா, நான் அவரைச் சாக்காட்டினமாதிரி எண்டு எல்லாரும் சொல்லுவினம். மாமி தாங்கமாட்டா. நான் எங்கை போய் அழுறது?"

மாமி எண்டது என்ர அம்மாவை. சனம் எங்களை இடிச்சுக்கொண்டு போகுது, வாகனம் ஹோண் அடிக்குது. நான் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். "நீர் அந்த வசனத்தை விடாதையும். மேடைக்கு வாரும். மிச்சத்தை நான் பாக்கிறன்" எண்டு மட்டும் சொன்னன். அண்டைக்கு ரெயினுக்குள்ளையே முடிவெடுத்திட்டன். மனிசனுக்குக்கூடச் சொல்லேல்லை.

விழா நாள். மெய்ரி எண்ட நகரசபை தந்த பெரிய மண்டபம், பரிசிலையிருந்து கொஞ்சம் வெளியிலை. சனம் நிரம்பி வழிஞ்சுது. பின்னுக்கு றோல்ஸ் விக்கிற சத்தம், குழந்தையள் ஓடுது, தலைவர் கோட் சூட்டோடை மைக்குக்குக் கிட்டவே நிக்கிறார். நாடகம் தொடங்கிச்சுது. என்ர மூங்கில் கவசத்தைக் கண்டவுடனை ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும் எண்டு விட்டன். விசரனாய்த் திரியிற காலத்துக்கு நல்லாச் சிரிச்சினம். சாம்பிராணியை அள்ளி எறிஞ்ச இடத்திலை சிரிப்பு நிண்டுபோச்சுது. மலை எரியிற இடத்திலை ஒருத்தரும் கைதட்டேல்லை. அதைச் சொல்லத்தான் வேணும், எங்கட சனத்துக்கு நெஞ்சிருக்கு.

கடைசிக் காட்சி வந்திட்டுது. மேடைக்கு நடுவிலை ஒரு வெள்ளைச் சீலைத் திரை. அதுக்குப் பின்னாலை சிவப்பு லைற். நான் ஈட்டியோடை சண்டை பிடிச்சு, காயப்பட்டு, அந்தத் திரைக்குப் பின்னாலை போய் மறையவேணும். லைற் ஆடும். பிறகு தளபதி வந்து தேடி, "உடம்பைக் காணேல்லை" எண்டு சொல்லவேணும். பிறகு விளக்கு, வசனம், திரை.

நான் போகேல்லை. திரைக்கு முன்னாலை, எல்லாரும் பாக்கத்தக்கதாய், மேடையின்ர நட்ட நடுவிலை இருந்தன். வயித்துப் பக்கத்துக் கவசக் கயிறை அவிட்டன். மரக் கத்தியை வயித்திலை வைச்சுக் குத்திக்கொண்டு, பக்கவாட்டிலை சரிஞ்சு, மல்லாந்து கிடந்தன். கண்ணை மூடினன். சரித்திரத்திலை உடம்பு கிடைக்காட்டி எனக்கென்ன? இஞ்சை கிடைக்கும். நான் கிடக்கிறன், வந்து பாருங்கோ.

என்ர மனிசனின்ர சப்பாத்துச் சத்தம் வந்து என்ர தலைமாட்டிலை நிண்டுது. அந்தாள் என்ன செய்யப்போகுதோ தெரியாது. மேடைக் கரையிலை தலைவர் "காணேல்லை எண்டு சொல்லும்! காணேல்லை எண்டு சொல்லும்!" எண்டு பல்லுக்குள்ளாலை கத்துறார். கண்ணுக்கு முன்னாலை கிடக்கிற ஆளை என்னெண்டு காணேல்லை எண்டு சொல்லுறது? என்ர மனிசன் என்ர தம்பியைப்பற்றி அந்த வருசங்களிலை ஒரு சொல்லுக் கதைச்சதில்லை. அதுகள் ரெண்டும் நல்ல சிநேகிதம். அவர் மெல்லக் குனிஞ்சார் போலை. குரல் கிட்டக் கேட்டது.

"செத்துப்போனார்" எண்டார். பிறகு எல்லாருக்கும் கேக்கத்தக்கதாய், "செத்துப்போனார்" எண்டு இன்னொருக்காச் சொன்னார்.

பிறகு மச்சாள் வந்தா. கொலுசு இல்லாத வெறுங்கால், எனக்கு அவவின்ர நடை தெரியும். தலைவர் இப்ப அவவைப் பிடிச்சுக்கொண்டார். "அவர் வருவார் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி, சொல்லிப்போட்டு வாங்கோ, திரையை மூடுவம்." அவ ஒண்டும் சொல்லேல்லை. என்ர தலைமாட்டிலை விளக்கை வைச்ச சத்தம் கேட்டது. எங்கட செத்த வீட்டிலை எங்கை வைக்கிறதோ, சரியா அங்கை. பிறகு என்ர நெஞ்சிலை வந்து விழுந்தா.

"ஐயோ என்ர ராசா! கொஞ்சம் பொறும் வாறன் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனனீர்! நான் எவ்வளவு காலம் பொறுத்தன்! நீர் தூக்கப் போனவரைத் தூக்கினீரோ, உம்மை ஆர் தூக்கினது என்ர ராசா!"

அது நாடகம் இல்லையெண்டு கடைசி வரிசையிலை இருந்தவைக்கும் விளங்கியிருக்கும். மூங்கில் பாயெல்லாம் நொறுங்குது. அவ என்ர நெஞ்சிலை அடிச்சு அடிச்சு அழுறா. என்ர தலையைத் தூக்கித் தன்ர மடியிலை வைச்சா. நான் பிரேதம், அசையக்கூடாது. அசையேல்லை. ஆனா மூடின கண்ணாலை தண்ணி காது வரைக்கும் ஓடிச்சுது. ஆரும் பாத்தாப் பாக்கட்டும். என்ர தம்பி எண்டு என்னை நினைச்சு அவ அழுதா. நானும் என்ர தம்பியாய்க் கிடந்து, தம்பிக்காக அழுதன்.

"திரை! திரை!" எண்டு தலைவர் கத்தினார். திரையை இழுத்து மூடிச்சினம். நனைஞ்சாப் பிறகு முக்காடு எதுக்கு? எங்கட பொம்பிளையளுக்கு ஒரு வழக்கம் இருக்கு. ஒப்பாரிச் சத்தம் கேட்டா, கேட்ட பொம்பிளை இருந்த இடத்திலை இருக்கமாட்டா. தெரிஞ்சவையோ தெரியாதவையோ, போய்த் தோளைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு சேந்து அழவேணும். செத்த வீட்டு முறை அது. அண்டைக்கு அவை மேடைக்குப் பக்கத்துப் படியாலை ஏறி வந்திச்சினம். திரைக்குள்ளை வந்து, எங்களைச் சுத்தி இருந்து, ஒண்டை ஒண்டு கட்டிப்பிடிச்சு, தங்கட தங்கட ஆக்களைச் சொல்லி அழுதுதுகள். ஒருத்தி "என்ர மோனே" எண்டு, இன்னொருத்தி "என்ர ஐயா" எண்டு. முருங்கைக்காய் தெரிஞ்செடுக்கேக்கை கண்ட முகங்கள்தான். வெளியிலை தலைவர் மைக்கிலை "அடுத்த நிகழ்ச்சியாகச் சிறுவர் நடனம்" எண்டு அறிவிச்சுக்கொண்டு நிண்டார். ஆரும் கேட்டாத்தானே.

பிறகு வந்ததுக்கு என்ன சொல்ல! சங்கத்திலையிருந்து என்னை நிப்பாட்டிச்சினம். தலைவர் ரெலிபோன் எடுத்து, "நம்பிக்கையைக் கெடுத்திட்டீர் தங்கச்சி, எத்தினை தாய்மாரின்ர நம்பிக்கை" எண்டார். "அண்ணை, அந்தத் தாய்மார்தான் மேடைக்கு ஏறி வந்தவை, நீங்கள் ஏன் வரேல்லை?" எண்டு கேட்டன். ரெலிபோனை வைச்சிட்டார். ஒருநாள் லா சப்பல்லை, சனம் பாக்கத்தக்கதாய், ஒருத்தன் என்னைத் "துரோகி" எண்டு கத்தினான். நான் திரும்பி நிண்டு, "தம்பி, துரோகி வேசம் கட்டினது என்ர மனிசன். நான் கட்டினது பிரபு. சரியாப் பாத்துத் திட்டும்" எண்டன். பக்கத்துக் கடைக்காரர் சிரிச்சுப்போட்டார். அதுக்குப் பிறகு அவன் என்னைக் கண்டா ரோட்டைக் கடக்கிறான்.

மச்சாள் தமையன் வீட்டை விட்டு வந்து, பொண்டியிலை எங்களோடை கொஞ்சக் காலம் இருந்தா. தம்பி செத்த நாள் தெரியாததுக்கு, அமாவாசை பாத்துக் கிரியை செய்யலாம் எண்டு ஐயர் சொன்னார். அந்தியேட்டி, பிதிர்க்கடன் எல்லாம் முறையாய்ச் செய்விச்சம். அவ பொட்டு வைக்கிறதோ விடுறதோ, அது அவவின்ர நெத்தி. வாயைத் திறக்கிற ஆக்களுக்கு வாசல் இருக்கு எண்டு நான் சொல்லி வைச்சிட்டன்.

எல்லாத்துக்கும் கடைசியாய் இருந்தது அம்மாதான். எனக்கு ஆரோடையும் சண்டை பிடிக்கப் பயமில்லை, அம்மாவுக்கு மட்டும் பயம். என்ன நடந்தது எண்டு அவவுக்கு நான் சொல்லமுதலே ஆரோ சொல்லிப்போட்டினம். லா சப்பல்லை தும்மினா யாழ்ப்பாணத்திலை மூக்குத் துடைப்பினம். ஒரு மாசம் நான் எடுத்த ரெலிபோன் ஒண்டையும் அவ தூக்கேல்லை. பிறகு ஒருநாள் பகல், நான் வேலைக்கு வெளிக்கிடுற நேரம், தானாய் எடுத்தா.

"நீ செத்துக் காட்டினியாம்."

"ஓம் அம்மா."

"அவள் அழுதவளோ?"

"அழுதவ."

"நல்லா அழுதவளோ?"

"நல்லா அழுதவ அம்மா. நானும் அழுதனான். பேசிறதெண்டாப் பேசுங்கோ. நான் செய்தது சரி."

அங்காலை ஒரு காகம் கத்துறது கேட்டது. பிறகு, அந்தக் குரலை நான் என்ர சீவியத்திலை கேட்டதில்லை, ஒரு சின்னப் பிள்ளை உத்தரவு கேக்கிறது மாதிரி அம்மா கேட்டா.

"அப்ப பிள்ளை, இனி நானும் அழலாமோ?"

"அழுங்கோ அம்மா" எண்டன். "கதவைச் சாத்தாமல் அழுங்கோ. அயலட்டை வந்து ஏனெண்டு கேட்டா, என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு சொல்லுங்கோ."